மூன்றாவது தம்பி

செத்துப் பல காலமான ஒருவரால் ஒரு கல்யாணம் நிற்குமா? நிற்கும். அவர் பிறக்கவே இல்லை என்றால் இன்னும் உறுதியாக நிற்கும்.

இந்த ஊரில் முதன்முதலில் கப்பலில் வந்திறங்கிக் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அண்ணன், தம்பி இரண்டு பேர். அவர்கள் வம்சம் வருஷம் தவறாமல் ஒன்றுகூடும். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒருவரை ஒருவர் கரித்துக்கொட்டி முடித்துவிடுவார்கள்.

வம்சத்தின் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மூத்தவர் வழி என்பதால் மேடையில் முதல் நாற்காலி அவருக்கு, முதல் மாலை அவருக்கு, முதல் பேச்சும், ஐயோ பாவம் நாம், அவருக்கே. முன்னோர்களுக்குப் புகைப்படம் இல்லை என்ற குறையை ஓவியர் ஒருவரைப் பிடித்துத் தீர்த்துவைத்தவரும் அவர்தான். படத்தில் அண்ணன்காரர், தலைவரை உரித்துவைத்தாற்போல இருந்தார்.

சில வருஷங்களுக்கு முன் கூட்டத்தன்று பேய்மழை. பந்தல் பறந்தது. அத்தனை பேரும் நனையாமல் உட்கார ஊரில் இருந்தது ஒரே இடம், குடோன்காரரின் குடோன். ஆனால் வம்சத்தார் இடத்தில்தான் கூட்டம் நடக்க வேண்டும் என்பது விதி. விதி போட்டவரும் தலைவர்தான். மனிதர் அசரவில்லை. மைக்கைப் பிடித்தார்.

“அந்தக் கப்பல்ல மூணாவதா ஒரு தம்பியும் வந்தாரு! அவரோட கொள்ளுப்பேரன் வேற யாருமில்ல, நம்ம குடோன்காரர்!”

குடோன்காரர் அநாதை விடுதியில் வளர்ந்தவர். அப்பா யாரென்றே தெரியாதவருக்கு அந்த நிமிஷத்தில் கொள்ளுத்தாத்தாவே கிடைத்தார். “அண்ணே!” என்று தலைவரைக் கட்டிக்கொண்டு தேம்பினார். மூட்டைகள் ஒதுங்கின, கூட்டம் உள்ளே வந்தது. அடுத்த வருஷம் ஓவியத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் குடோன்காரரின் மீசையோடு முளைத்தார்.

எல்லாம் சுபம். தலைவரின் மகள் மட்டும் வினையாக வந்து சேர்ந்தாள்.

மகள் பல் டாக்டர். குடோன்காரரின் மகன் லிஃப்ட் மெக்கானிக். இருவரையும் நாற்காலி போடும் கமிட்டியில் சேர்த்துவிட்டார்கள். நாற்காலிகள் கோணல்மாணலாகத்தான் கிடந்தன. காதல் மட்டும் நேராகப் போனது.

இந்த வருஷம் கூட்டம் தொடங்கச் சற்று முன், குடோனின் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் அப்பாவை மடக்கிக் கல்யாணப் பேச்சை எடுத்தாள் பல் டாக்டர்.

“அறிவிருக்கா உனக்கு?” தலைவர் பல்லைக் கடித்தார். “அவன் உனக்கு அண்ணன் முறை!”

“யாருப்பா சொன்னா?”

“சரித்திரம் சொல்லுது!”

“சரித்திரமே நீங்கதானேப்பா.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னைக்கு மேடையில நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க. இல்லன்னா நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய்க் கட்டிக்கிறோம். தலைவர் பொண்ணு சொந்த அண்ணனையே கட்டிக்கிட்டான்னு ஊர் பேசும். உங்களுக்குப் பரவாயில்லையா?”

“அந்தத் தம்பி கப்பல்லயே காய்ச்சல்ல போயிட்டாருன்னு சொல்லிடவா?”

“அப்ப சித்தப்பா யாரு? மறுபடியும் அநாதையா?”

மூட்டை மேல் உட்கார்ந்து காபி உறிஞ்சிக்கொண்டிருந்தார் தலைவரின் அக்கா. ஊரில் அவருக்கு ‘ஒலிபெருக்கி’ என்று பேர்.

“ஏன்டா தம்பி, மூளையை அடகு வச்சிட்டியா? அந்தாளைத் தம்பியா எறக்குனதாலதானே இந்தத் தொல்லை? மூத்தவர் பொண்டாட்டியோட அண்ணன்னு மாத்திடு. குடோன்காரர் உனக்கு மச்சான் ஆயிடுவாரு. பையன் இவளுக்கு முறை மாப்பிள்ளை. முடிஞ்சுது கதை!”

தலைவருக்கு உயிர் வந்தது. பொய்க்கு ஒரு பொய் மாற்று. நஷ்டமே இல்லை. குடோன்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

குடோன்காரர் எல்லாவற்றையும் கேட்டார்.

“அண்ணேன்னு கூப்பிட எனக்கு ஒருத்தர் கிடைச்சாரேன்னு இருந்தேன்” என்றார் மெதுவாக.

“மச்சான்னு கூப்பிடுங்களேன், அதுவும் நெருக்கம்தானே!” என்று சமாளித்தார் தலைவர்.

குடோன்காரர் வாசலில் நின்ற மகனைப் பார்த்தார். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த பல் டாக்டரைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

“பசங்க நல்லா இருந்தா சரி. அப்படின்னா நாங்க உங்க மூத்தவருக்கே பொண்ணு குடுத்த வீடு. முதல் மரியாதை எங்களுக்குத்தானே, மச்சான்?”

தலைவருக்கு நெஞ்சில் உலக்கை விழுந்தது.

“அது... சம்பிரதாயம்...”

“சம்பிரதாயமேதான்டா!” என்றார் ஒலிபெருக்கி. பாதிக் கூட்டத்துக்குக் கேட்டிருக்கும். “பொண்ணு குடுத்தவங்களைப் பின்னால உக்கார வச்சா வம்சம் வெளங்குமா?”

மேடையில் முதல் நாற்காலி ரோஜா மாலையோடு காத்திருந்தது. தலைவர் அதைப் பார்த்தார். மகள் தலைவரையே பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மேடையேறினார். தொண்டையைச் செருமினார்.

“அன்பு உறவுகளே! அண்மைக்கால ஆராய்ச்சியில ஒரு சின்னத் திருத்தம்...”

திருத்தத்தைக் கேட்ட கூட்டம் அரை நிமிஷம் யோசித்தது. தம்பி மச்சானாக மாறியதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சாப்பாடு எப்போது என்பதுதான் அவர்கள் கவலை. அடுத்த மூச்சில் கல்யாணச் செய்தியையும் சொல்லிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் கையிலிருந்த நாற்காலியைக் கீழே போட்டான். பல் டாக்டர் சிரித்துக்கொண்டே அழுதாள்.

தலைவர் மாலையை எடுத்தார். குடோன்காரர் கழுத்தில் போட்டுவிட்டு இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போதே அது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

குடோன்காரர் மைக்கை வாங்கினார். முதல் பேச்சு இனி அவருடையது. இத்தனை வருஷம் தலைவர் பேசியதைக் கேட்டுக் கேட்டு மனிதர் நன்றாகத் தேறியிருந்தார்.

“அன்பு உறவுகளே! கப்பல் கரைக்கு வந்தப்போ அண்ணன், தம்பி ரெண்டு பேரும் பயந்துபோய் உள்ளேயே உக்காந்திருந்தாங்க. மொதல்ல தண்ணியில குதிச்சவரு எங்க கொள்ளுத்தாத்தாதான்! மாப்பிள்ளை, பயப்படாம வாங்கன்னு கையைப் பிடிச்சுக் கரையேத்துனதும் அவருதான்!”

கூட்டம் தலைவரைத் திரும்பிப் பார்த்தது.

அவர் இப்போது பெண்ணைப் பெற்றவர், பேசுகிறவரோ மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி. முதல் கைதட்டு தலைவருடையது.