இதர: ஒன்று

முருகையனின் முதுகுக்குள் பதினேழு குண்டுகள் இருந்தன. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மலர்க்கொடி இரண்டு முறை எண்ணினாள். கணக்கு டீச்சர், எண்ணிக்கை தப்பாது. மிளகை அள்ளி வீசியது போல இடுப்பெலும்பைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள். அப்பா முதுகில் இருந்த தழும்புகளைப் பனைமட்டைக் கருக்கு கிழித்தது என்றுதான் நாற்பத்தைந்து வயது வரை அவள் நம்பியிருந்தாள். அவள் அம்மா நீலாம்பாளும் அதையே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"யாரு சுட்டாங்க இவரை?" என்றார் டாக்டர் ஷிஃபா.

முருகையன் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். தலையைக்கூடத் திருப்பவில்லை. "துரை சுட்டாரும்மா. வேட்டையில தெரியாம பட்டுடுச்சு. அவரு மேல தப்பு இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஐம்பத்தெட்டு வருஷமாக யாராவது கேட்பார்கள் என்று தயாராக வைத்திருந்த பதில் மாதிரி இருந்தது அது.

எழுபத்திரண்டு வயது மனிதர். ஐப்பசி வரைக்கும் வரப்பில் நடந்து மடை திறந்துவிட்டு வந்தவர். கார்த்திகையில் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. இப்போது செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை. முதுகுத்தண்டில் நரம்பை ஏதோ அழுத்துகிறது. உடனே ஆபரேஷன் செய்தால் நடப்பார், தள்ளிப்போட்டால் மாட்டார். ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்க முடியாது. மற்ற ஸ்கேனில் குண்டுகள் பளபளத்து நரம்பையே மறைக்கின்றன.

"அந்த மெஷின் பெரிய காந்தம், டீச்சர்" என்றார் ஷிஃபா. "உள்ள இருக்கறது ஈயம்னா ஒண்ணும் பயமில்ல. இரும்புன்னா இழுக்கும். ரெண்டு குண்டு தண்டுவடத்துக்கு ஒரு நூல் தள்ளி இருக்கு. அசைஞ்சா இடுப்புக்குக் கீழ மொத்தமா போயிடும்."

"ஒண்ண எடுத்துப் பாக்க முடியாதா டாக்டர்?"

"மேலாப்புல ஒண்ணுமே இல்லியே. எல்லாம் எலும்போட ஒட்டிக் கெடக்கு. எந்தத் தோட்டான்னு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டுட்டு வாங்க. நாளைக்குக் காலைல ஸ்கேனுக்கு நேரம் வாங்கி வெச்சிருக்கேன்."

ஈயமாக இருக்க வேண்டும். அன்று முழுவதும் மலர்க்கொடிக்கு வேறு வேண்டுதல் இல்லை.

தெரிந்தவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார், அந்த வேட்டையை நடத்திய பண்ணை வீட்டு ராஜகோபாலன். திருவையாற்றுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய பங்களாவில். அந்த பங்களாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ராஜகோபாலனின் தாத்தா சீமைக்குப் படிக்கப் போய், அங்கே கிராமத்தில் ஒரு பிரபுவின் மாளிகையில் மூன்று மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டு, பாரிஸ்டர் பட்டத்தைவிட அந்த மூன்று மாதத்தைத்தான் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தார். நாற்று நடுகிற ஊரில் புல்வெளி போட்டார். டென்னிஸ், மாலை நாலரைக்குத் தேநீர், தை மாதக் குளிருக்குக் கூடத்தில் கணப்பு அடுப்பு. அந்த அடுப்பில் ஒரு நாளும் நெருப்பு வைத்ததில்லை. இந்த ஊர் வெக்கைக்கு வைத்திருந்தால் வீட்டோடு வெந்திருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, பொங்கல் கழிந்து இரண்டாம் சனிக்கிழமை உள்ளான் வேட்டை. அறுப்பு முடிந்து ஈரம் காயாத வயலில் உள்ளான் குருவிகள் மேயும். பண்ணையாட்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வரிசை கட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டு சேற்றில் நடந்து பறவைகளைக் கிளப்பிவிட வேண்டும். எதிரே வரப்பில் வீட்டுக்காரர்களும் வெள்ளைக்கார விருந்தாளிகளும் துப்பாக்கியோடு நிற்பார்கள். வெங்காயம்கூட நுழையாத வீடு அது. சுட்ட பறவைகள் பின்வாசலோடு துரைமார்களின் சமையல்காரனிடம் போய்விடும். சிதைந்துபோனதெல்லாம் தகரம் தட்டியவர்களுக்கு. தின்னாத பறவையை ஐம்பது வருஷம் சுட்ட குடும்பம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது அது ஹெரிட்டேஜ் ரிசார்ட். ராஜகோபாலனின் மகள் ஸ்ரீவித்யா சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து நடத்துகிறாள். கூடத்துச் சுவரெல்லாம் போட்டோக்கள், மட்டைகள், கொம்புகள். வாசலில் ஒரு பலகை: ஐம்பது ஆண்டுகள், ஒரு விபத்துகூட இல்லாத வேட்டைப் பாரம்பரியம். மலர்க்கொடி அதை ஒருமுறை படித்துவிட்டு உள்ளே போனாள்.

ராஜகோபாலனுக்கு எழுபத்தெட்டு. மெலிந்து, சுத்தமாக, கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கூல் டீச்சர், பழைய வேட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள் என்று ஸ்ரீவித்யா சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. கேட்க ஆள் கிடைத்தால் விடுவாரா?

"தோட்டாவா? நல்ல கேள்வி கேட்டேம்மா. யாரும் அதைக் கேக்கறதில்ல. சீமைத் தோட்டாதான், எட்டாம் நம்பர் ஈயம். ஆனா சீனச் சண்டைக்கு அப்புறம் இறக்குமதி நின்னு போச்சு. எங்கப்பா என்ன பண்ணினார் தெரியுமா? இருந்த சீமைத் தோட்டாவெல்லாம் விருந்தாளிக்கு. எங்களுக்கு, சுட்டு முடிச்ச தோட்டாக் கூட்டையே திரும்ப அடைச்சுக் குடுப்பார். உள்ள என்ன? சைக்கிள் பால்ஸ்!" சிரித்தார். "திருவையாத்துல ஜாஃபர் சாதிக்னு ஒரு சைக்கிள் கடைக்காரர். சின்ன சைஸா பொறுக்கி ஒரு டப்பா அனுப்புவார். அத வெச்சு நான் பதினோரு உள்ளான் அடிச்சிருக்கேன், ஒரே நாள்ல."

"அப்ப விருந்தாளி சுட்டா ஈயம். வீட்டுக்காரங்க சுட்டா இரும்பு. அப்படித்தானே சார்?"

"கரெக்டா புடிச்சுட்டியே."

"எங்கப்பா பேரு முருகையன். காத்தானோட மகன். அறுபத்தேழுல உங்க வேட்டையில தகரம் தட்டினாரு. முதுகுல பதினேழு குண்டு இருக்கு."

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஸ்ரீவித்யா கையில் இருந்த காபி தம்ளரை மெதுவாக மேசையில் வைத்தாள். ஸ்கேன், காந்தம், ஆபரேஷன் எல்லாவற்றையும் மலர்க்கொடி வகுப்பில் சொல்வது போல வரிசையாகச் சொன்னாள். "யாரு மேலயும் கேஸ் போட வரல சார். ஈயமா இரும்பா, அது மட்டும் தெரியணும். அப்பா நடக்கறதும் நடக்காததும் அதுலதான் இருக்கு."

"துரை" என்றார் ராஜகோபாலன். "வால்பாறை எஸ்டேட் துரை. அவர்தான் சுட்டார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஈயம்தான். தைரியமா ஸ்கேன் எடுக்கச் சொல்லு."

மலர்க்கொடிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்பா சொன்னதும் துரை, இவர் சொன்னதும் துரை. எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். ரிசார்ட் பெயர் அச்சடித்த தாளில் நடுங்காத கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதை மடித்துக் கைப்பையில் வைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைத்தே வரவில்லை.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஸ்ரீவித்யா நல்லவள், வந்தவளுக்கு இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துவிட்டாள். "டீச்சர், டாக்டருக்கு ஆதாரம் வேணும்னா வேட்டைப் புத்தகமே இருக்கே. தாத்தா ஒரு நாள் விடாம எழுதியிருக்கார். போட்டோ எடுத்துக்குங்க" என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார் ராஜகோபாலன். அதற்குள் பக்கம் புரண்டுவிட்டது.

வயலில் சாய்ந்தது எதுவானாலும் அன்றைக்கே புத்தகத்தில் ஏற வேண்டும் என்பது சீமை மாளிகையில் கற்றுக்கொண்ட ஒழுக்கம். அந்த வீட்டில் யாரும் அதை மீறியதில்லை. சுட்டவர் பெயருக்கு ஒரு வரி. எதிரே கட்டங்கள்: உள்ளான், கிளுவை வாத்து, முயல், இதர. ஆங்கிலத்தில், முத்து முத்தான கையெழுத்து. 1967 ஜனவரி 28. எஸ்டேட் துரையின் பெயருக்கு எதிரே எல்லாக் கட்டமும் காலி. ஓரத்தில், காய்ச்சல், பங்களாவில் படுக்கை என்று குறிப்பு. அடுத்த வரி ராஜகோபாலன். உள்ளான் பதினொன்று. கிளுவை இல்லை. முயல் இல்லை. இதர ஒன்று.

மலர்க்கொடி விரலை வைத்து அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அவளுக்குக் கோபம்கூட முதலில் வரவில்லை.

"அப்பா, இதர ஒண்ணுன்னா என்ன?" என்றாள் ஸ்ரீவித்யா.

"கீரிப்பிள்ளையா இருக்கும்."

"துரை அன்னிக்கு வயலுக்கே வரலியேப்பா."

"சார்" என்றாள் மலர்க்கொடி. குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "நாளைக்குக் காலைல எங்கப்பாவ அந்த மெஷினுக்குள்ள அனுப்பப் போறாங்க. உங்க பேரு வெளிய வராது, சத்தியமா. சைக்கிள் பால்ஸ்தானே?"

அவர் மகளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு, "எழுதிக் குடுத்துட்டேனேம்மா" என்றார்.

அவ்வளவுதான். ஒரு மனிதனின் இரண்டு கால்களைவிட ஒரு பலகை பெரிதாகப் போய்விட்டது. ஸ்ரீவித்யா அழுதுவிடுபவள் போல நின்றாள். வாசலில் விருந்தாளிகளின் வேன் ஹாரன் அடித்தது. அவள் புத்தகத்தை எடுத்தாள், வேறு பக்கத்தைத் திருப்பி வைத்தாள், கண்ணாடியை மூடினாள்.

பஸ்ஸில் மலர்க்கொடிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைப்பையில் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. அதைக் காட்டினால் ஸ்கேன் நடக்கும். ஒருவேளை அன்றைக்கு மட்டும் அவரிடம் சீமைத் தோட்டா இருந்திருந்தால்? ஒருவேளை இதர என்பது நிஜமாகவே கீரிப்பிள்ளைதான் என்றால்? பொய் சொன்னவனே நல்ல சேதியையும் சொல்லியிருக்கிறானே என்று மனசு கெஞ்சியது. பாலம் தாண்டும்வரை அந்தத் தாளை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தாள்.

பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனாள். முருகையன் ஆவலாகத் தலையை உயர்த்தினார். "சின்ன ஐயா இருந்தாரா? என்ன சொன்னாரு?"

"துரை சுட்டாருன்னு சொன்னாரு."

கிழவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. "பாத்தியா. நான் சொன்னதையே சொல்லிட்டாரு. பெரிய ஐயா அன்னிக்கே எங்கப்பாவக் கூப்பிட்டு, துரைன்னு சொல்லுங்க, வெள்ளைக்காரனத் தேடிப் போக எவனும் இல்லன்னாரு. இன்னிவரைக்கும் அவங்களும் மாத்தல, நானும் மாத்தல."

"புத்தகத்தப் பாத்துட்டேம்பா. துரை அன்னிக்கு வயலுக்கே வரல. உங்க உடம்புல இருக்கறது இரும்பு. சைக்கிள் பால்ஸ்."

உயர்த்திய தலையை முருகையன் மறுபடி தலையணையில் வைத்தார். பிறகு தணிந்த குரலில், "எழுதிக் குடுத்திருக்காருல்ல?" என்றார்.

"குடுத்திருக்காரு."

"அதக் குடுத்துடு பாப்பா. நான் நடக்கணும். நாளைக்கு ஒரு நாளு, அரை மணி நேரம். படுத்து எழுந்து வந்துடறேன்."

"இழுத்துச்சுன்னா?"

"இழுத்தா இழுக்கட்டும். இப்ப மட்டும் என்ன வாழுதாம்? கட்டையாக் கெடக்கறதுக்கு அது மேல்."

அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. படிப்பை நிறுத்து என்றதில்லை, இன்னாரைக் கட்டிக்கொள் என்றதில்லை. முதன்முதலாகக் கேட்கிறார், அதுவும் கெஞ்சிக் கேட்கிறார். மலர்க்கொடி அந்தத் தாளை அவர் கண்ணெதிரே நாலாகக் கிழித்தாள். டாக்டர் கொடுத்திருந்த படிவத்தில், உடலுக்குள் உள்ள உலோகம் என்ற இடத்தில் இரும்பு என்று எழுதி நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தாள். காலை நேரத்து ஸ்கேனில் இருந்து முருகையனின் பெயரை அடித்தார்கள். ஷிஃபா வந்து பார்த்துவிட்டு, வேறு வழி இருக்கிறதா என்று பெரிய டாக்டரைக் கேட்பதாகச் சொன்னார். சொல்லும்போது மலர்க்கொடியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து முருகையன் சுவர்ப்பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"எனக்குத் தெரியும் பாப்பா. விழுந்த குருவியப் பொறுக்கத் திரும்பினப்பதான் முதுகுல பட்டுச்சு. சேத்துல விழுந்து கெடந்தப்ப அவன் மூஞ்சியத்தான் பாத்தேன். முப்பதடி இருக்கும். ஓடியாந்து தூக்குவான்னு நெனச்சேன். நின்னு பாத்தான். துப்பாக்கிய மடக்கி வேற தோட்டா போட்டான். எனக்குத்தான் போடறான்னு கண்ண மூடிக்கிட்டேன்." சுவர்க்காரையை நகத்தால் சுரண்டினார். "மேல ஒரு உள்ளான் போயிருக்கு. அதுக்காம்."

மலர்க்கொடி கால்மாட்டில் உட்கார்ந்து அவருடைய இரண்டு பாதங்களையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

"எங்க போயிட்டே பாப்பா?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. "இங்க வந்து என் பக்கத்துல உக்காரேன்."