சொர்ணம்மாளின் சின்ன வயசுப் போர்வை

மிஷன் பங்களாவிலிருந்து கடிதம் வந்த பிறகுதான், தனக்கும் சின்ன வயசு என்று ஒன்று இருந்தது சொர்ணம்மாளுக்கு ஞாபகம் வந்தது. பங்களாவின் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா சபைப் பெண்களுக்கு ஒரு போட்டி வைத்திருந்தாள். அவள் ஊரில் பழந்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார்களாம். அதுபோல இங்குள்ள பெண்களும் சிறு பிள்ளையில் உடுத்த துணிகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்து வர வேண்டும். நாகர்கோவில் பங்களாவில் நடக்கும் மாதர் கூட்டத்தில் ஒவ்வொரு துண்டின் கதையையும் சொல்ல வேண்டும். முதல் பரிசு வாங்கும் போர்வை கப்பலேறிச் சீமைக்குப் போகும்.

இராஜாக்கமங்கலம் பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார் ராஜையனின் மனைவி போட்டியில் தோற்பதாவது! மறுநாளே சத்தியபாயை வரவழைத்தாள். சத்தியபாய் கூலிக்குத் தைப்பவள். சொர்ணம்மாளுக்குச் சித்தி மகளும்கூட. ஆனால் இந்த இரண்டாவது செய்தியை, நாலு பேர் இருக்கும்போது சொர்ணம்மாள் வெளியே எடுப்பதில்லை.

சத்தியபாய் வரும்போதே மடியில் ஒரு துண்டு கொண்டுவந்திருந்தாள். முரட்டுத் துணியில் தைத்த ஒரு பாவாடையின் மிச்சம். ஒரே கூரையில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கும் கோயிலுக்கு உடுக்க அந்த ஒரு பாவாடைதான். காலை ஆராதனைக்கு அக்கா, மாலை ஆராதனைக்குத் தங்கை. காலையில் பிரசங்கம் கேட்டவளின் வேர்வையையும் சேர்த்துத்தான் மாலையில் போகிறவள் உடுத்துவாள்.

“அக்கா, நம்ம பாவாடை. அம்மைக்க பெட்டிக்குள்ள கெடந்து. நடுவில வச்சுத் தைக்கட்டா?”

சொர்ணம்மாள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். “ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? சீமைக்குப் போற சாமானத்தில இந்தச் சாக்கையா வைப்பாவ? கொண்டு அடுப்புல போடு.”

“பின்னே, வேற எந்தத் துணி அக்கா நாம உடுத்தோம்?”

“நாம இல்லட்டி. நான்.”

சத்தியபாய்க்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. துண்டை மறுபடி மடியில் செருகிக்கொண்டாள்.

அந்த வாரம் கோட்டாற்றுச் சந்தையில் பழந்துணி விற்கிறவளிடமிருந்து சொர்ணம்மாளின் சின்ன வயசு ஒரு பனையோலைக் கடகம் நிறைய வந்து இறங்கியது. சரிகை போன பட்டு, பச்சைப் பட்டு, பூப்போட்ட மல், வெல்வெட்டு. உப்பளத்தில் மண் சுமந்த அப்பனின் மகள், நாற்பத்தைந்தாம் வயதில் பட்டில் பிறந்தாள்.

சத்தியபாய் கடகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தாள். துணிக்குத் துணி ஓரத்தில் கறுப்பாக ஒரு குறி. வெளுக்கிறவர்கள் வீடு மாறாமல் இருக்கச் சேங்கொட்டை மையால் போடுவது. ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு வீட்டுக்குக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. துணி கிழியும், மை போகாது. தையல் தெரிந்தவள் அதை வெட்டி எறிவாள், இல்லையென்றால் உள்ளே மடித்துத் தைப்பாள். சத்தியபாய்க்குத் தையல் நன்றாகவே தெரியும். குறி ஒவ்வொன்றும் சதுரத்தின் நட்டநடுவில் வரும்படி அளந்து வெட்டினாள். பதினைந்து நாள் வேலை. நாகர்கோவிலுக்கு வண்டி கிளம்பும்போதுதான் போர்வையை மூட்டையாகக் கட்டிச் சொர்ணம்மாளின் மடியில் வைத்துவிட்டு, தானும் ஏறிக்கொண்டாள்.

கூட்டத்தில் போர்வையை விரித்ததும் சொர்ணம்மாளின் முகம் வெளிறியது. ஆனாலும் லேசுப்பட்டவளா அவள்? மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். இது அஞ்சு வயசில் கிறிஸ்துமஸுக்கு அப்பா எடுத்த பட்டு. இது ஞானஸ்நானத்துக்கு உடுத்த மல். மிஸ்ஸியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள்.

“இவைகள் என்ன? சிலுவைகளா?”

“ஆமா அம்மா. எங்கப்பா எல்லாத் துணியிலயும் சிலுவை போட்டுத்தான் தருவாவ. பிள்ளைகளப் பிசாசு அண்டாம இருக்க.”

மிஸ்ஸியம்மா கைக்குட்டையை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து, பங்களாவுக்கு வெளுத்த துணி கொண்டுவந்த கிழவர் இசக்கி வாசலில் நின்றார். போர்வையைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். “அட, இது கள்ளுக்கடை குத்தகைக்காரர் வீட்டுக் குறியில்லா! நான் போட்டதுதான். ரெண்டு புள்ளி வச்சது வைத்தியர் வீடு. அந்தப் பச்சைப் பட்டு, செத்துப்போன ஏட்டையா சம்சாரத்துக்க ரவிக்கை.”

பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். மிஸ்ஸியம்மாவுக்குத் தெரிந்தது வேதாகமத் தமிழ். இசக்கியின் தமிழ் அதில் இல்லை. “இந்த மனுஷன் சொல்லுகிறது என்ன?” என்று, மனைவியோடு வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாரிடம் கேட்டாள்.

ராஜையன் எழுந்து, நல்ல இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். இந்த விசுவாசமுள்ள முதியவர் என் மனைவியின் சிறு வயசில் இந்த உடைகளைத் தன் கையால் வெளுத்தவர். இன்று மறுபடி கண்டதும் மனம் உருகி நிற்கிறார்.

முதல் பரிசு சொர்ணம்மாளுக்குத்தான்.

பின்சுவரில் சாய்ந்து நின்ற சத்தியபாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. உண்மை தானாக நடந்து வந்து வாசலில் நின்று கத்தியும், இங்கிலீஷ் தெரியாத குற்றத்துக்காகத் தோற்றுப்போயிற்றே!

திரும்பி வரும்போது பாதி வழியில், வண்டிக்குள் சொர்ணம்மாள் தங்கை பக்கம் திரும்பினாள்.

“வேணும்னுதானட்டி செஞ்ச?”

“ஆமா, அக்கா.”

“நாம ஒரே பாயில கெடந்து வளந்தவங்கன்னுகூட நெனைக்கலியா?”

“இப்பத்தான் ‘நாம’ வருதா ஒனக்கு?”

சொர்ணம்மாள் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சில மாதம் கழித்துச் சீமையிலிருந்து கடிதம் வந்தது. அங்குள்ள சபைச் சீமாட்டிகளுக்குச் சிலுவைப் போர்வை ரொம்பப் பிடித்துவிட்டது. அதேபோல இன்னும் பன்னிரண்டு வேண்டுமாம். சொர்ணம்மாள் ஆள் அனுப்பினாள். சத்தியபாய், கையில் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். பிறகு சொர்ணம்மாளே நேரில் வந்தாள். அப்போதும் சத்தியபாய் குனிந்த தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் வாத்தியார் வீட்டுப் பக்கமாகப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வராந்தாவில், வாத்தியார் உட்காரும் நாற்காலியில் இசக்கி. பக்கத்தில் ஆவி பறக்கும் காப்பி. சேங்கொட்டையைக் குத்தி மை எடுத்து, கடகத் துணிகளில் ஒவ்வொன்றாகக் குறி போட்டுக்கொண்டிருந்தார். சொர்ணம்மாள் தரையில் உட்கார்ந்து, ஊசி குத்திய விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதுக்கு யாரு வீட்டுக் குறி போடட்டும்?”

“மெதுவாச் சொல்லும். சிலுவைன்னு சொல்லும்.”

“சிலுவைன்னா குத்தகைக்காரர் வீடு” என்று உரக்கச் சொல்லிவிட்டு, இசக்கி அடுத்த துணியை எடுத்தார்.