மூச்சை வெட்டாதே

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு விழுந்த பட்டப்பெயர் துருத்தி. கொல்லன் பட்டறையில் உஸ் உஸ் என்று தீயை ஊதுமே, அந்தத் தோல்பைக்குத்தான் அந்தப் பெயர். மாடிப்படி ஏறினால் அவளுக்கு நெஞ்சு இழுக்கும். இழுப்பது கடைசி பெஞ்சு வரை கேட்கும். வேறு யாராவது என்றால் கூனிக் குறுகிப் போயிருப்பார்கள். இவள் முதன்முதலாக மேடை ஏறியபோதே, "நான்தான் துருத்தி" என்று மைக்கில் அறிவித்துவிட்டு, கிடார் இரைச்சலுக்கு மேல் ராப்பை வசைமாரியாகப் பொழிந்தாள்.

ஆனால் அவளுடைய முதல் இரண்டு ஆல்பங்களும் மண்ணைக் கவ்வின. காரணம் ஊருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவள் மூச்சு வாங்கும் இடத்தையெல்லாம் ஒலிப்பதிவாளர் கணினியில் நறுக்கி எறிந்துவிட்டு வரிகளை ஒட்டிவிடுவார். அந்தத் தொழிலில் அது வீடு கூட்டுவது மாதிரி, யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்க வழவழவென்று இருக்கும். அதையே மேடையில் பாட மனுஷ நுரையீரலால் முடியாது. மூன்றாவது வரியில் திணறி நிற்பாள், கூட்டம் ஊளையிடும். கடைசியில் கம்பெனி மேலாளர், பதிவை ஓடவிட்டு வாயை மட்டும் அசைக்கச் சொன்னார். ஒரு மேடையில் அதையும் செய்து தொலைத்தாள். தன் குரலுக்குத் தானே வாயசைத்த அந்த அவமானத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவதும் கவிழ்ந்தால் ஒப்பந்தம் அவ்வளவுதான், பழையபடி கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதனால் இந்த முறை டிரம்ஸுக்குத் தன் அண்ணனையே அழைத்து வந்தாள். அண்ணன் லாரிப் பட்டறையில் நசுங்கிய தகட்டைத் தட்டி ஒடுக்கு எடுப்பவன். சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்த பதிவறையில், சத்தம் கேட்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, இருவரும் வியர்த்து ஊற்ற அடித்தார்கள், பாடினார்கள். காதில் டிக் டிக் என்று தாளம் காட்டும் ஹெட்போனை அண்ணன் கழற்றி வைத்துவிட்டான். தங்கச்சி பாடுவது கேட்டால் போதும் என்றான்.

ஒலிப்பதிவாளர் வழக்கம்போல மூச்சை வெட்டி ஒட்டிய பாட்டை மேலாளர் கேட்ட அன்றுதான் வம்பு வந்தது.

"உங்க அண்ணன் அடிக்கிறது எங்கயும் சேரலம்மா. டிரம் மெஷினைப் போட்டுக்கலாம்."

அவளும் கேட்டாள். உண்மைதான், டிரம் எங்கோ அநாதையாக விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும் அவள் எழுந்து ஒலிப்பதிவாளரிடம் போனாள். வெட்டிய மூச்சையெல்லாம் திரும்பப் போடச் சொன்னாள். ஒலிப்பதிவாளர் மேலாளரைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். அவள் நகரவில்லை.

போட்டார். அவள் மூச்சு இழுபட்டது. அது முடியும் நுனியில் டிரம் இடியாக இறங்கியது. டப்பாவுக்கு மூடி பொருந்துகிற மாதிரி இருந்தது.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. சின்ன வயதில் நெஞ்சு இழுக்கும்போதெல்லாம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பவுடர் டப்பாவைத் தட்டுவான். அந்தத் தட்டுக்கு அவள் மூச்சை இழுத்து விடுவாள். அம்மா மருந்தோடு வரும்வரை அதுதான் மருந்து. இன்றைக்கும் அவன் அவள் மூச்சைக் கேட்டுத்தான் அடித்திருக்கிறான்.

மேலாளர் இறங்கி வரவில்லை. "பொருந்துது, சரி. ஆனா சீக்காளி மாதிரி கேக்குதே. காசு குடுத்து இழுப்பை யாரு வாங்குவா?"

"நான் சீக்காளிதான் சார். இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டுத்தான் பாடுறேன். மூச்சை வெட்டுறதா இருந்தா எங்க ரெண்டு பேரையும் சேத்து வெட்டிடுங்க. கிடங்குல டேப்பு ஒட்டுறது ஒண்ணும் கேவலமில்ல."

அதோடு விடவில்லை. மூச்சுச் சத்தத்தை இன்னும் ஏற்றி வைக்கச் சொன்னாள். ஆல்பமே அதில்தான் தொடங்க வேண்டும் என்றாள். பெயர் 'துருத்தி'. போட்ட பணமாவது தேறட்டும் என்று மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே வெளியிட்டார். விளம்பரத்துக்குச் சல்லிக்காசு தரவில்லை.

அந்த ஆல்பத்தின் முதல் கச்சேரிக்கு அரங்கம் எப்படி நிரம்பியது என்று அவளுக்கே புரியவில்லை. ஆபத்துக்கு உதவும் என்று மேலாளர் பதிவைத் தயாராக வைத்திருந்தார். அவள் அந்த ஒயரைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு மேடை ஏறினாள். மூன்றாவது வரியில் வழக்கம்போல நெஞ்சு இழுத்தது. அண்ணனின் குச்சி அந்தரத்தில் காத்து நின்றது. ஒரு கணம் பழைய ஊளை அவள் காதில் கேட்டது. அப்போது அரங்கம் மொத்தமும் அவளோடு சேர்ந்து மூச்சை இழுத்தது. ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு அதையும் மனப்பாடம் செய்திருந்தார்கள். டிரம் இறங்கியது. அவளுக்கு அழுகை வந்தது. துடைக்க நேரமில்லை, அடுத்த வரி இருந்தது.

அடுத்த வருஷம் மேலாளரே போன் செய்தார். 'அம்மா' போய் 'மேடம்' வந்திருந்தது. புதிதாக ஒரு பாடகனைப் பிடித்திருக்கிறாராம், நல்ல ஆரோக்கியமானவன், ஆனால் பதிவில் உயிரே இல்லையாம். அவளுடைய மூச்சில் கொஞ்சம் எடுத்து அவன் பாட்டில் ஒட்டிக்கொள்ள அனுமதி வேண்டுமாம்.

அவள் நெஞ்சு இழுக்கும்வரை சிரித்தாள்.

"அவருக்கும் மூச்சு இருக்கும்ல சார்? அதை வெட்டாம விடுங்க."