கொலைகாரனுக்கு ஏது மரியாதை

ஹெட்டி ப்ரூம் என்கிற அம்மாள் எங்கோ ஒரு சின்ன ஊரில் புத்தகக் கடை வைத்திருக்கிறாள். அந்த ஊரில் எந்நேரமும் மழை தூறும். கடையில் ஒரு பூனை உண்டு. பூனை இல்லாமல் இந்த மாதிரிக் கதை எழுத யாருக்கும் லைசென்ஸ் கிடையாது போலிருக்கிறது. புத்தகத்துக்கு ஒரு கொலை நிச்சயம். போலீஸ்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, ஹெட்டி அலமாரியைத் தூசி தட்டிக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அவளுக்கும் பத்து அத்தியாயம் முன்னதாக, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டின் ஏழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு ரோசலின் கண்டுபிடித்துவிடுவாள்.

இத்தனைக்கும் ரோசலினால் ஓர் எழுத்தைக்கூடப் பார்க்க முடியாது. பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணியாக இருந்தபோது, ஃபைலுக்கு நடுவில் இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை வைத்துப் படித்தவள் அவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை கண்ணில் இறங்கியது. முதலில் எழுத்துகள் நீந்தின, பிறகு காணாமலே போயின. இப்போது ஜன்னல் வெளிச்சமும், எதிரே நிற்பவரின் உருவமும் தெரியும், அவ்வளவுதான். அதனால் தினமும் நாலு மணிக்குத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, அவள் கணவர் பால்ராஜ் வாசித்துக் காட்டுவார்.

வாசிப்பு என்றால் பெரிய வாசிப்பு அல்ல. பால்ராஜ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி அவர் போனதில்லை. சத்தம் போட்டுப் படித்தால் நாக்கு பல்லில் தடுக்கும். ஆகவே கண்ணால் இங்கிலீஷில் படித்து வாயால் தமிழில் சொல்வார். அவர் வாயில் அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் காலையில் பசியாறினார்கள், பாசாருக்குப் போனார்கள், சண்டை வந்தால் ‘போதும் லா’ என்றார்கள். அந்த ஊர் ஃபாதருக்குப் பெண்டாட்டி இருப்பதைப் படித்த அன்று அவர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். அது வேற சபை, அங்கே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று ரோசலின் சமாதானம் சொன்ன பிறகுதான் கதை நகர்ந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தக் கதைகளில் கொலைகாரன் பால்ராஜின் வாயால் கெட்டான். இங்கிலீஷில் ராஜாவுக்கும் திருடனுக்கும் ஒரே ‘ஹி’தான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. அவனா, அவரா என்று முடிவு செய்யாமல் வாயைத் திறக்கவே வழியில்லை. பால்ராஜுக்கு ஒரு கெட்ட பழக்கம்: சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் ஜபருல்லாவின் பழைய புத்தகக் கடையில் புத்தகத்தை வாங்கியதும், பஸ் வருவதற்குள் கடைசிப் பக்கங்களைப் படித்துவிடுவார். கொலை செய்தது யார் என்று தெரிந்த பிறகு அந்த நல்ல மனுஷரின் நாக்கு அவனுக்கு மரியாதை கொடுக்க மறுத்துவிடும். ‘கடைக்கு டாக்டர் வந்தாரு. பேங்க் மேனேஜர் வந்தாரு. பூக்கடைக்காரன் வந்தான்’ என்பார். ரோசலினுக்கு அது போதும். பெண்களானாலும் அதே கதைதான். நல்லவர்கள் வந்தாங்க, கொலைகாரி வந்தா.

ஏழாவது புத்தகத்தில் மட்டும் அவள் ஏமாந்தாள். அதில் கொலை செய்தது ஃபாதர். அங்கியைப் போட்டவரை ‘அவன்’ என்று சொல்ல பால்ராஜின் நாக்கு எழவில்லை.

மற்றப் புத்தகங்களில் நாலாவது, ஐந்தாவது அத்தியாயத்திலேயே ரோசலின் பெயரைச் சொல்லிவிடுவாள். பால்ராஜ் புத்தகத்தை மடியில் போட்டுவிட்டு, “எப்படி லா ரோஸ்?” என்று வாயைப் பிளப்பார். அடுத்த வாரம் ஜபருல்லாவிடம் போய், “நம்ம வீட்டுக்காரிக்கு புக்கித் அமான் போலீஸ்ல வேல குடுத்திருக்கணும் பாய், ஸ்கூல்ல போட்டு வீணாக்கிட்டாங்க” என்று அளப்பார். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தாலும் அதே பேச்சு. ரோசலின் உண்மையைச் சொல்லவில்லை. கண் போன நாளிலிருந்து அவர் அவளை ஓர் உடைந்த பீங்கானைப் பார்ப்பதுபோல்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெரியாவிட்டாலும் அது தெரியும். கொலைகாரனின் பெயரைச் சொல்லும் அந்த நேரத்தில் மட்டும் அவர் அவளைப் பார்த்துப் பரிதாபப்படுவதில்லை. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பதினோராவது புத்தகம் தொடங்கிய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் சும்மா கேட்டாள்: “கெல்வின் ஃபோன் பண்ணானா?”

“அவரு பிஸியா இருப்பாரு. பெரிய மனுசன் லா” என்றார் பால்ராஜ். பையை எடுத்துக்கொண்டு பாசாருக்குக் கிளம்பிவிட்டார்.

ரோசலினுக்குத் திக்கென்றது. கெல்வின் அவர்களுடைய ஒரே மகன். பிறந்து முப்பத்து நாலு வருஷமாக அப்பாவுக்கு ‘அவன்’. இஞ்சினியர் ஆனபோதும் அவன்தான், பத்து காவான் ஊரில் வீடு வாங்கிக் குடிபோனபோதும் அவன்தான். வேண்டாதவனுக்கு மரியாதையைக் குறைக்கும் அதே நாக்கு, சொந்த மகனிடம் கோபம் வந்தால் மரியாதையைக் கூட்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிற பிள்ளை மூன்று வாரமாக வரவில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெயரைச் சொன்னால் தானே அழைக்கும் ஃபோனை எடுத்து, மகனின் பெயரைச் சொன்னாள்.

“அம்மா! நான் குடுத்த புக்கெல்லாம் வேணாம்னுட்டீங்களாமே?”

“எந்தப் புக்குடா?”

கெல்வின் விவரத்தைச் சொன்னான். ஹெட்டி ப்ரூம் வரிசை மொத்தத்தையும், ஆள் வாசிக்கிற குரலோடு, ஒரு டேப்லெட்டில் ஏற்றி மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பாவிடம் கொடுத்திருக்கிறான்.

“நான் தப்பா ஒன்னும் சொல்லலம்மா. ‘நீங்க கஷ்டப்பட்டு வாசிக்க வேணாம்பா, கேக்குற அம்மாவுக்கும் பாவம், இது ஒழுங்கா வாசிக்கும்’னு சொன்னேன்.”

“ஒழுங்கான்னா சொன்ன?”

“…ஆமா. அப்பா வாங்கி வச்சுக்கிட்டாரு. அந்த வாரமே ஃபோன்ல, அம்மா கேக்குறாங்களான்னு கேட்டேன். ‘ஒங்க அம்மாவுக்கு வேணாமாம், வந்து எடுத்துட்டுப் போ’ன்னு கத்துனாரு. நானும் கத்திட்டேன்.”

அன்றைக்கு நாலு மணிக்கு பால்ராஜ் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார்.

“கொலகாரன் இருக்கட்டும்” என்றாள் ரோசலின். “அந்த டேப்லெட் எங்க?”

புத்தகம் மூடுகிற சத்தம் கேட்டது. “அல்மாரி மேல. பெரிய பெட்டிக்குள்ள, பழைய யூனிஃபார்முக்கு அடியில” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனுஷர், கண் தெரியாதவளிடம் ஒளிப்பதற்கு எட்டாத உயரமாகத் தேடியிருக்கிறார்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நான் கேட்டுப் பாத்தேன் ரோஸ். பஸ் ஸ்டாப்ல ஒக்காந்து மூனு சாப்டர் கேட்டேன். ஒரு வெள்ளக்காரம்மா வாசிக்குது. அழுவுற எடத்துல அழுவுது, சிரிக்கிற எடத்துல சிரிக்குது. ஒரு எடத்துல தடுக்கல. அதக் கேட்டுட்டா அப்புறம் நான் எதுக்கு?”

“கொண்டாங்க. கேப்போம்.”

அவர் நாற்காலி மேல் ஏறி இறக்கிக் கொண்டுவந்தார். அந்தப் பெண்ணின் குரல் ஹாலை நிறைத்தது. மழையில் தொடங்கியது. இரண்டு வருஷமாக ரோசலின் கேட்டதெல்லாம் வெறும் ‘மழ பேயுது’. இதுவோ கூரையில், குடையில், பூனையின் முதுகில் என்று ஒவ்வொரு மழையையும் பெயர் சொல்லிச் சொன்னது. ஹெட்டி இவ்வளவு குறும்புக்காரி என்பதையே அவள் மறந்துவிட்டிருந்தாள். காணாமல் போனது திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது. கண்ணில் நீர் இறங்கியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“நல்லா இருக்குல்ல” என்றார் பால்ராஜ், மெதுவாக.

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. “ரொம்ப நல்லா இருக்கு.”

நாற்காலி நகர்ந்தது. “சரி. இனிமே இதுவே வாசிக்கட்டும். நான் கீழ போயிட்டு வரேன்.”

“ஒக்காருங்க. இது காலையில நீங்க பாசாருக்குப் போறப்ப வாசிக்கட்டும். நாலு மணிக்கு நீங்கதான் வாசிக்கணும்.”

“பாவம் பாத்துச் சொல்லாத ரோஸ். எனக்குத் தெரியும், நான் வாசிக்கிறது எப்படின்னு.”

பரிதாபம் இல்லை என்று காட்ட அவளிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதை எடுத்து வைத்தால் இரண்டு வருஷத்துப் பேரும் புகழும் போய்விடும். அவர் வாசலில் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

“எனக்கு ஒரு கொலகாரனையும் கண்டுபுடிக்கத் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.”

“நானா?”

“எல்லாரையும் வந்தாரு, போனாருன்னுவீங்க. கொலகாரன மட்டும் வந்தான், போனான்னுவீங்க. மொத புக்குலேருந்தே அப்படித்தான்.”

பால்ராஜ் திரும்பி வந்து உட்கார்ந்தார். பத்துப் புத்தகத்தையும் மனதுக்குள் புரட்டுகிறார் என்று தெரிந்தது. “அப்ப அந்த ஏழாவது புக்கு?”

“ஃபாதருக்கு நீங்க மரியாத குடுத்துட்டீங்களே.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அடங்கியது. “ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே லா…”

“சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். இந்த வெள்ளக்காரம்மாவுக்கு எல்லாரும் ஒன்னுதான். யாரு நல்லவங்க, யாரு கெட்டவன்னு அதுக்கு என்ன கவல? நீங்க வாசிச்சாத்தான் யார நம்பலாம், யார நம்பக் கூடாதுன்னு எனக்குத் தெரியுது. கண்ணு போனவளுக்கு அதவிட வேற என்ன வேணும்?”

டேப்லெட் இன்னும் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் வழி தெரியாமல் பால்ராஜ் ஒரு தலையணையை எடுத்து அதன் மேல் வைத்தார். “அவன ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. இத எப்படி மூடுறதுன்னு சொல்லிக் குடுக்கட்டும்” என்றார். ரோசலினுக்கு மனதிலிருந்து ஒரு கல் இறங்கியது.

“ஒன்னு கேக்கணும். எதுக்கு எப்பவும் கடைசிப் பக்கத்த மொதல்ல பாக்குறீங்க?”

“அந்த சூராட்” என்றார் பால்ராஜ்.

எந்தக் கடிதம் என்று அவள் கேட்கவில்லை. கண் டாக்டரிடமிருந்து வந்தது. பொறுக்க முடியாமல், உடனே பிரிச்சு வாசிங்க என்று அவள்தான் அவசரப்படுத்தினாள். அவரும் நின்றபடியே, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

“மூனாவது வரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நாலாவது வரியில என்ன இருக்குன்னு தெரியாம வாயத் தொறந்துட்டேன். ‘இனிமே பார்வ திரும்பாது’ன்னு என் வாயாலயே சொல்லிட்டேன், ரோஸ். பாதியில நிறுத்தக்கூட முடியல.” அவர் குரல் உடைந்தது. “அன்னையிலேருந்து முடிவு தெரியாம ஒனக்கு எதையும் வாசிக்கக் கூடாதுன்னு வச்சிருக்கேன். கதையா இருந்தாலும் சரி.”

ரோசலின் கையை நீட்டினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்துப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களையும் இந்த மனுஷர் பஸ் ஸ்டாப்பில் தனியாக உட்கார்ந்து, பயந்து பயந்து படித்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“பாருங்க. வேணாங்கல” என்றாள். “ஆனா பஸ் ஸ்டாப்ல வேணாம். இங்க எம்பக்கத்துல ஒக்காந்து பாருங்க. கெட்டது எதுவா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒன்னா தெரியட்டும்.”

“முடிவு தெரிஞ்சா ஒனக்குக் கத ருசிக்குமா?”

“பத்து புக்கா ருசிக்கலயா?”

பால்ராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதினோராவது புத்தகத்தை எடுத்தார். பக்கங்கள் மொத்தமாகப் புரளும் சத்தம் கேட்டது. கடைசியில் வந்து நின்றன. அவர் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்து முடிக்கும்வரை அவள் அவருடைய கையை விடாமல் காத்திருந்தாள்.

“அந்தப் பியானோ வாத்தியான்தான், ரோஸ்.”

“அடப்பாவி” என்றாள் ரோசலின். “சரி, மொதல்லேருந்து வாசிங்க.”