டி.வி. ஸ்டாண்டில் ஓர் அடுப்பங்கரை

2025, செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. திருவரங்கம் மேலூர் சாலையில் ஒரு மாடி வீடு. ஐந்து வயதுக் குழந்தைக்கென்று தந்தையே தன் கையால் செய்த விளையாட்டு அடுப்பங்கரை, எட்டு நாள்களாகத் தொடுவாரின்றிக் கிடந்து, அன்று காலை பழைய சாமான் வண்டியில் ஏறவிருந்தது. குழந்தை அதை ஏன் தொடவில்லை என்று அந்த எட்டு நாள்களில் ஒருவரும் அவளிடம் முறையாகக் கேட்கவில்லை. இந்தக் கதையின் முறையீடு இதுதான்.

தந்தை அழகிரி, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையொன்றில் மேற்பார்வையாளர். ஒரு நெல்மணியைப் பல்லில் கடித்தே அதன் ஈரத்தைச் சொல்லிவிடுவார். பெற்ற மகளின் மனம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. ஆவணி முதல் வாரத்தில் உறையூரிலிருந்து இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, வாடகை முன்பணம் கையிருப்பைத் துடைத்துவிட்டது. மகள் யாழினியோ, சின்னக்கடை வீதியில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கெரிய நின்ற பிளாஸ்டிக் அடுப்பங்கரையைப் பார்த்து வைத்திருந்தாள்.

"பொறந்த நாளைக்கு அப்பாவே செஞ்சு தரேன், பாப்பா. அதவிடப் பெருசா!" என்று வாக்குக் கொடுத்துவிட்டார் அழகிரி.

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன டி.வி. ஸ்டாண்டு ஒன்று மாடிப்படியடியில் கிடந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்து, வெளிர்மஞ்சள் வண்ணம் பூசினார். மேற்பலகையில் வட்டமாக அறுத்து ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை இறக்கியதும் தொட்டி ஆயிற்று. பழைய சி.டி.க்கள் இரண்டு அடுப்பின் பர்னர்கள். பாட்டில் மூடிகள் அவற்றின் திருகுகள். பெயின்ட் டப்பாவுக்குச் சிவப்படித்துச் சிலிண்டராக நிறுத்தி, டி.வி. வயருக்கென்று முதுகில் விட்டிருந்த ஓட்டை வழியாகவே டியூபையும் கொண்டுவந்து சேர்த்தார்.

ஆறாம் தேதி பிறந்தநாள். யாழினி அடுப்பங்கரையைச் சுற்றிச்சுற்றி வந்தாள். மஞ்சள் பலகையை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் சொப்புச் சாமான்களை எடுத்துக்கொண்டுபோய், உறையூரிலிருந்து கொண்டுவந்த செருப்பு அட்டைப்பெட்டியின் மேல் வைத்துச் சமைக்கத் தொடங்கினாள்!

"இதுல சமைக்கலாமே, பாப்பா?"

"இப்ப வேண்டாம்ப்பா."

குழாய் இல்லாததுதான் குறை என்று கருதிய அழகிரி, மறுநாள் ஒரு பித்தளைக் குழாயைப் பொருத்தினார். செவ்வாயன்று கரண்டி மாட்டக் கொக்கிகள் வந்தன. வியாழனன்று, கெட்டுப்போன கம்ப்யூட்டரின் விசிறி புகைபோக்கியாயிற்று. யாழினி ஒவ்வொன்றையும் பார்த்துக் கைதட்டினாள், அட்டைப்பெட்டியில்தான் சமைத்தாள்.

"அவளுக்குக் கடையில பாத்ததுதான் மனசுல நிக்குது" என்றார் சனிக்கிழமை, மனைவியிடம்.

"கொஞ்சம் பொறுங்களேன். புள்ளைக்குப் பழக வேண்டாமா?" என்றாள் ப்ரீத்தி.

"எட்டு நாளாப் பழகாதது இனிமே எங்க பழகப் போகுது? தீபாவளி போனஸ் வரட்டும், அந்த பிளாஸ்டிக்கையே வாங்கிடலாம். இத பழைய சாமான் பாய்கிட்டப் போட்டுடறேன்."

குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் இருந்ததை ப்ரீத்தி அறிவாள். அதனால் மறுத்துப் பேசவில்லை. அவளும் குழந்தையைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை பழைய சாமான் வாங்கும் நஜிமுதீன் வந்தார். இருவருமாகப் பிடித்துப் படியிறக்கி, வண்டித்தட்டில் பாதி ஏற்றியிருப்பார்கள். மேலேயிருந்து பல்துலக்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தாள் யாழினி.

"அப்பா! எங்க எடுத்துட்டுப் போறீங்க? அதுல இன்னும் பாலே காய்ச்சலியே!"

அழகிரியின் பிடி தளர்ந்தது. "என்னது?"

"நீங்கதானே சொன்னீங்க, பால் பொங்காம புது அடுப்புல எதையும் வைக்கக் கூடாதுன்னு! நான் தோசை கேட்டு அழுதேன்ல, அன்னிக்கு?"

அழகிரிக்கு நினைவு வந்தது. குடிவந்த அன்று நல்ல நேரம் பத்தரைக்குத்தான். பசியில் தேம்பிய குழந்தையை அவ்வளவு நேரம் காக்கவைத்து, பால் பொங்கிக் கிழக்கே வழிந்த பின்புதான் தோசைக்கல்லையே ஏற்றவிட்டார்.

"இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க நல்ல நேரம் பாத்துட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

நஜிமுதீன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன சார் நீங்க! இன்னும் குடியே போகாத வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டீங்களே! பிடிங்க, மேல ஏத்துவோம்."

கீழிறங்கியது மீண்டும் மேலேறியது. கூடத்தில் கிழக்குப் பார்த்து வைத்தார்கள். ஆனால் சி.டி. அடுப்பில் தீ ஏது? தீயில்லாமல் பால் எப்படிப் பொங்கும்? ப்ரீத்தி உள்ளே போய், நன்றாகப் புளித்த மோரைச் சொப்புப் பானையின் கழுத்துவரை ஊற்றிக்கொண்டு வந்தாள், மறுகையில் ஆப்பசோடா.

"திருகு, பாப்பா" என்றாள்.

யாழினி பாட்டில் மூடியைத் திருகினாள். ப்ரீத்தி ஒரு கரண்டி சோடாவைப் போட்டதுதான் தாமதம், வெள்ளை வெளேரென்று நுரை எழுந்து, பானையின் விளிம்பைத் தாண்டி, மஞ்சள் பலகையில் வழிந்தது.

"பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று குதித்தாள் யாழினி.

"கிழக்கதான் வழியுது, சார், அமோகமா இருப்பீங்க" என்றார் நஜிமுதீன்.

அதன்பின் அந்த அடுப்பு ஓயவில்லை. முதல் காப்பி நஜிமுதீனுக்கு.

"சக்கரை போதுமா, மாமா?"

வெறும் டம்ளரை உறிஞ்சிவிட்டு அவர் முகம் சுளித்தார். "ஒரு சிட்டிகை கம்மி, தாயி."

அவள் கவலையோடு வாங்கி, சர்க்கரை போட்டுக் கலக்கித் தந்தாள். அழகிரிக்குத் தோசை வந்தது. இல்லாத தோசையை அவர் விள்ளல் விள்ளலாகப் பிட்டு உண்டார். இன்னொன்று கேட்டும் வாங்கினார். கண்ணில் ஏன் நீர் என்று குழந்தை கேட்டதற்கு, சட்னியில் காரம் என்றார்.

நஜிமுதீன் புறப்பட்டபோது யாழினி செருப்புப்பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது பழைய வீட்டு அடுப்பு. இத எடுத்துட்டுப் போங்க."

அவர் அதை இரு கைகளாலும் வாங்கி, காலி வண்டியின் நடுவில் வைத்துக்கொண்டு போனார்.

வாசகரே, உம் வீட்டிலும் குழந்தை தொடாத பொம்மை ஒன்று மூலையில் கிடக்கும். அதற்கு விலை பேச ஆளை அழைக்கும் முன், தரையில் அமரும்; அவள் கண்ணுக்கு நேராக உம் கண்ணைக் கொண்டுவாரும்; ஏனென்று கேளும்; அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறவாதீர். இன்றே செய்யும்.