வளர்ச்சி மதிப்பீட்டுப் படிவம்

1
இந்தக் கதை ஓர் அச்சுப்பிழையிலிருந்து கிடைத்தது. எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் என் அண்ணனுக்குக் கொடுத்த தாளில் ‘தளர்ச்சி மதிப்பீடு’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘வளர்ச்சி மதிப்பீடு’ என்று இருந்தது. அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன் அவன்.

“திருத்தலையாண்ணா?”

“அம்பத்தாறு வயசுல வளர்றேங்கிறாங்க. நான் ஏன் கெடுக்கணும்?”

(நான் சிரித்ததாக எழுதி அடித்துவிட்டேன். சிரித்தது நர்ஸ்.)

2
முதலில் ‘அண்ணன் இறந்த அன்று மழை’ என்று தொடங்கினேன். அன்று மழை இல்லை.

எனக்குப் பிடிபடாதது இதுதான். அவன் மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிப் பல வருடம். உடம்பு மட்டும் அவனை முந்திக்கொண்டு எழுபதைத் தொட்டிருந்தது. ‘பழைய போரின் களைப்பு’ என்று ஒரு வரி எழுதினேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரியாதே. டாக்டரே “பல காரணம் இருக்கும்மா” என்றுதான் சொன்னார்.

3
நான்கு மீட்டர் நடக்கச் சொன்னார் நர்ஸ். பஸ்ஸைத் துரத்துகிறவன்போல நடந்தான்.

“சார், வழக்கமா நடக்கிற மாதிரி!”

“வழக்கமே இதான்மா.”

“போன வாரம் எத்தனை நாள் எந்த வேலையும் பாரமாத் தெரிஞ்சுது?”

“ஒருநாளும் இல்ல.”

அன்று காலை மூன்று பொத்தானைப் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபிறகுதான் நான்காவதைப் போட்டான். தினமும் அப்படித்தான்.

நர்ஸ் என்னைப் பார்த்தார். “அக்கா, நீங்க சொல்லுங்க. தளர்ச்சி மார்க் கூடினா எக்சர்சைஸ் கிளாஸுக்கு அனுப்புவோம். கீழ விழாம இருக்கத்தான்.”

அண்ணன் என் காதருகே குனிந்தான். “இருபத்திரண்டு வருஷமா போயிடுவேன் போயிடுவேன்னாங்க. போகல. இப்பக் கிழவன்னு எழுதணுமா?”

“அவன் சொல்றதுதான் சரி” என்றேன் நர்ஸிடம்.

ஏழு வாரம் கழித்துக் குளியலறையில் விழுந்தான். இடுப்பெலும்பு. பிறகு எழவில்லை.

4
கதையில் என்னைப் பேசவைக்கலாமே என்று இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் தங்கை, ‘ஏழு நாளும்’ என்கிறாள். ஒன்றில் அவன் வகுப்புக்குப் போய், சொல்லிக்கொடுப்பவரைக் கிண்டலடித்துக்கொண்டே காலைத் தூக்குகிறான். மற்றதில் வகுப்புக்கும் போகாமல், என்னோடும் பேசாமல், அதே குளியலறையில் விழுகிறான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் அவன் என் பக்கம் திரும்புகிறானே, அந்த முகத்தை என்னால் எழுத…

நர்ஸ் பேனாவோடு காத்திருக்கிறார். நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பொத்தான் விஷயம் இப்போது உங்களுக்கும் தெரியும். அவனோடு வீட்டுக்குத் திரும்பவேண்டியவர் நீங்கள் அல்ல. எத்தனை நாள் என்று அவரிடம் சொல்லுங்கள்.