தங்கையின் சங்கம்

அக்கா தைத்த சட்டையில் ஒருவரும் குறை சொன்னதில்லை. தங்கை தைத்தால் காலர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்ததே அக்காதான். ஆனால் இப்போது தெருவில் எல்லோரும் துணியைத் தூக்கிக்கொண்டு தங்கையிடம் போனார்கள்.

எல்லாம் அந்தச் சங்கத்தால் வந்தது. தையல் தெரிந்த பெண்களைத் தங்கை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தாள். அதே தெருவில் பூட்டிக் கிடந்த கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். பட்டன் துளை தைக்கப் பொதுவில் ஒரு காஜா மெஷின் வாங்கினார்கள். ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் இன்னொருத்தி அவள் வேலையை முடித்துக் கொடுத்தாள். சொந்தத் தம்பியையே நம்பாத துணிக்கடைக்காரர், சங்கம் என்றதும் கட்டுக்கட்டாகத் துணியை எடுத்துக் கொடுத்தார். பள்ளிச் சீருடை வந்தது, விடுதித் திரைச்சீலை வந்தது. எதிரில் ஒருவர் நூலும் பட்டனும் விற்கக் கடை போட்டார். பக்கத்திலேயே டீக்கடையும் முளைத்தது.

தங்கை முதலில் அழைத்தது அக்காவைத்தான்.

"நீயும் வாக்கா. வெட்டுறத நீ பாத்துக்கிட்டா எங்களுக்கு யானை பலம்."

"கும்பலோட கும்பலா என்னால உக்கார முடியாது. என் கைக்கு வேலை தானா வரும்."

வந்தது பாவாடைக்கு நாடா மாற்றும் வேலைதான். கிடங்கிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரிந்தது. தங்கை புதுச் செருப்பு போட்டால் திமிர் என்றாள். பழைய செருப்போடு போனால், "எவ்வளவு அடக்கமா நடிக்கிறா பாருங்க," என்று கணவரிடம் பொருமினாள்.

"அவ எதைத்தான் போட்டுக்கணும்? நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்," என்றார் அவர். அன்று அவருக்குச் சோறு ஆறித்தான் கிடைத்தது.

ஒருநாள் காலை ஆஸ்பத்திரி மேலாளர் ஒருவர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். நர்ஸுகளுக்குச் சீருடை தைக்கவேண்டும், தையல் சங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினால் போதும்.

"அதுவா? அவங்களுக்குள்ள ஒரே சண்டை. ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க," என்றாள் அக்கா. "நான் தைச்சுத் தர்றேன். இந்தத் தையலைப் பாருங்க."

அவள் நீட்டிய சட்டையை அவர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

அக்கா இடுப்பு ஒடியத் தைத்தாள். கெடு நெருங்கியபோது சீருடைகள் கட்டில் முழுக்கக் குவிந்து கிடந்தன. ஒன்றிலும் காஜா இல்லை. கையால் எடுத்து எடுத்து விரல் வீங்கிப்போனது. கடைசியில் ஊசியைப் பிடிக்கவே முடியவில்லை.

அப்போது தங்கை நான்கு பெண்களோடு உள்ளே வந்தாள். அவர்கள் ஒன்றும் கேட்காமல் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனார்கள். தங்கை மட்டும் நின்றாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"அந்த மேலாளர்தான். அன்னிக்கே உன்கிட்ட வேலையைக் குடுத்துட்டு வந்து டீக்கடையில நின்னு, சங்கம் கலைஞ்சிடுச்சாமேன்னு என்கிட்டயே கேட்டாரு. நான் இல்லேன்னு சொல்லல."

அக்காவின் முகம் செத்துப்போனது.

"அப்புறம் ஏன் வந்த?"

"உனக்காக மட்டும் வரல. நீ சொன்னபடி குடுக்கலேன்னா அவரு இந்தத் தெருப் பக்கமே திரும்ப மாட்டாரு. எல்லார் பொழப்பும் போயிடும்." தங்கை கட்டிலில் கிடந்த நூல்கண்டை எடுத்துச் சுற்றினாள். "எனக்கும் ஆத்திரமாத்தான் இருந்துச்சு. நல்லா படட்டும்னுதான் இத்தனை நாள் பாத்துக்கிட்டு இருந்தேன்."

சீருடைகள் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன. அடுத்த வேலையையும் மேலாளர் சங்கத்துக்கே கொடுத்தார். சண்டை என்னவாயிற்று என்று அவர் கேட்டபோது, "சமாதானம் ஆயிட்டோம் சார்," என்றாள் தங்கை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து அக்காவும் கிடங்குக்குப் போனாள். வெட்டும் மேசையை அவளுக்கே கொடுத்தார்கள். அளவு, வெட்டு என்று எதுவானாலும் அவளிடம் வந்து கேட்டார்கள். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல், கணவனுக்கு வேலை போய்விட்டது என்றால் எல்லோரும் தங்கையின் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தார்கள். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா அதைப் பார்ப்பாள். வயிறு இன்னும் எரிந்தது.

ஒரு பிற்பகல் அக்கா, காஜா மெஷினில் இருந்த பெண்ணிடம், "உன் பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண், யாரிடம் கேட்கிறாள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெஷினை நிறுத்தினாள்.

"முழுசா விடலக்கா," என்று சொல்ல ஆரம்பித்தாள்.